இடுப்பளவு

டாக்டரின் மேசைக்கு எதிரே தையல்காரர் உட்கார்ந்திருக்கிறார். கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்த அவசரத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்திருக்கிறார். அது கழுத்தில் மாலை மாதிரி தொங்குகிறது. பக்கத்து நாற்காலியில் தம்பி. ஜன்னல் வெயில் அவன் முகத்தில் நேராக அடிக்கிறது, அவன் முகத்தைத் திருப்பக்கூட இல்லை. சட்டையில் ஒரு பித்தான் காஜா மாறிப் போட்டிருக்கிறது. நேற்று அவன் அம்மாவிடம், “நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்று சொன்ன பிறகுதான் வீடு அலறி அடித்துக்கொண்டு எழுந்திருக்கிறது.

“எத்தனை நாளா இப்படி இருக்காரு?” டாக்டர் பேனாவைத் திறக்கிறார்.

“இப்பத்தான் டாக்டர், ஒரு வாரமா. அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தான்.”

தையல்காரர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார். தம்பி தரையைப் பார்த்தபடியே பேசுகிறான்.

“இந்த பேன்ட் இடுப்புல நிக்கலைன்னு உன்கிட்ட மூணு தடவை கொண்டு வந்தேனே அண்ணா.”

தையல்காரரின் கை தானாக நாடாவைப் பற்றுகிறது. முப்பத்து மூன்று, முப்பத்தொன்று, இருபத்தொன்பது. நாலே மாதம். ஊரில் யாருக்கு எத்தனை அங்குலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிறவர் அவர். மூன்று தடவையும் அவரே குனிந்து அளந்தார், அவரே சாக்பீஸால் கோடு போட்டார். ஏன்டா இப்படி இளைக்கிறாய் என்று கேட்க அப்போது வாயில் இடமில்லை, வாய் நிறையக் குண்டூசி.

டாக்டர் ‘ஒரு வாரம்’ என்று எழுதியதை அடிக்கிறார். தையல்காரர் தம்பியின் இடுப்பையே பார்க்கிறார். மூன்று தடவை பிடித்துத் தைத்த இடம் வெளியே தெரியவே இல்லை. அவ்வளவு சுத்தமான தையல்.