பட்டி பூசிய ஓட்டைகள்

"இந்த ஓட்டைங்கள மறுபடியும் போடுங்க, சார்."

இதைக் கேட்கவே கூடாது என்று அம்மா காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டின் முதல் பட்டதாரி டெல்ஃபீனுக்கு வாய் நீளம். கிடைத்ததை அதனாலேயே கெடுத்துக்கொள்வாள் என்பது அம்மாவின் பயம்.

அருங்காட்சியகத் தலைவர் ஃபோஷே சிரித்த முகத்தை மாற்றவில்லை. நியூ ஆர்லியன்ஸின் பழைய டிராம் ஒன்றைப் புதுப்பித்திருந்தார்கள்; இன்று அதன் முதல் ஓட்டம். பீன்யே பணியாரம் தின்ற விருந்தினர்கள், கோட்டெல்லாம் சர்க்கரைத் தூளாக, சீட்டுகளை நிறைத்திருந்தார்கள்.

"எந்த ஓட்டை, பாப்பா? முன்னாடி போ. போட்டோக்காரர் காத்திருக்கார்."

டெல்ஃபீன் பின்னால்தான் போனாள். கோட்டுப் பையில் கிடந்த பித்தளைக் கனம் சீட்டுக்குச் சீட்டு இடித்தது. வார்னிஷில் கீறல் விழப்போகிறது என்று ஃபோஷே பல்லைக் கடித்தார்.

சீட்டு முதுகுகளின் மேல்விளிம்பைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டைகள் இருந்திருக்க வேண்டும். 'கறுப்பர்களுக்கு மட்டும்' பலகையை அவற்றில்தான் செருகுவார்கள். வெள்ளைக்காரர்கள் ஏற ஏற, பலகை பின்னால் நகரும். உட்கார்ந்திருந்த கறுப்பர்கள் எழுந்துகொள்ள வேண்டும். சின்னப் பிள்ளையாக அம்மா அப்படி எழுந்து நின்றவள்.

"ஒரு ஆணிகூட மாத்தலன்னு வாசல்ல எழுதி வச்சிருக்கீங்க. இத மட்டும் ஏன் பட்டி வச்சு அடச்சீங்க?"

ஃபோஷே குரலைத் தாழ்த்தினார். குழந்தை குட்டிகளோடு சந்தோஷமாக வரும் இடத்தில் பழைய அழுக்கைக் கிளறக் கூடாதாம். அவளைக் கூப்பிட்டதே காலம் மாறிவிட்டதற்குச் சாட்சியாம்.

"உன்ன முன்னாடி நிக்க வச்சிருக்கோம்ல? அதுக்கு மேல என்ன வேணும்?"

"அந்த ஓட்டைங்க."

"நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது."

டெல்ஃபீன் பின்வாசலில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, வெளிக்கதவை நோக்கி நடந்தாள். கோட்டுப் பை கனத்தில் ஆடியது. திரும்பிப் பார்க்கவில்லை.

முன்வரிசைச் சீமாட்டி ஒருத்தி, சனியன் தொலைந்தது, வண்டியை எடுக்கச் சொல்லுங்கள் என்றாள்.

ஃபோஷே வண்டியின் முன்கோடியைப் பார்த்தார். வண்டியை நகர்த்தும் பித்தளைக் கைப்பிடி செருக வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

"டிரைவரே அவதாம்மா."