மேடை முதலா, காற்றாலை முதலா

"முதல்ல நீங்க ஆர்டர் குடுங்க. அப்புறம் நாங்க துறைமேடையை அகலமாக்குறோம்," என்றாள் எலினெட். மில்ஃபோர்ட் துறைமுகத்தின் கட்டுமானப் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது.

"மேடை இல்லாம, கடல்ல மிதக்கப்போற காற்றாலையை மடியில வச்சா பூட்டுறது?" என்றான் காற்றாலை நிறுவனத்தின் ஹியூ.

"ரெண்டு வருஷமா இதே பாட்டு."

"அதுக்கு நீங்க போடுறதும் இதே தாளம்தானே."

எலினெட்டுக்கு அலுத்துப்போனது. இந்தத் திட்டம் நகராவிட்டால் ஊரில் இளைஞர்கள் யாரும் தங்கப் போவதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

"சரி, நாளைக்கே ஆர்டர் வருதுன்னு வைங்க. ஆளுக்கு எங்க போறது? இருக்கிற ஒரு நல்ல வெல்டரும் இன்னிக்குக் கிளம்புறான்."

"அதுக்கும் நாங்கதான் காரணமா?"

"பின்ன நாங்களா?"

வாசலில் டாக்சி வந்து நின்றது. தோளில் பெரிய பையும் கையில் வெல்டிங் முகமூடியுமாக மாடியிலிருந்து இறங்கி வந்தான் யெஸ்டின். ஆறிப்போன தேநீருக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அம்மா, அப்பா, நான் நார்வேக்குக் கிளம்புறேன். நீங்க பேசி முடிச்சதும் சொல்லி அனுப்புங்க, திரும்பி வர்றேன்."