விட்ட சொல்

அந்த ஞாயிறு மாலை ‘மைக்கூடு’ வாட்ஸப் குழுவில் இருந்தவர்கள்: நப்பின்னை, ஷாகுல், தாவீது, வேதமுத்து. வேதமுத்துவின் வீட்டில் இருந்தவர்: வேதமுத்து. குழுவில் ஒரே சட்டம்தான். ஒருவர் எந்தச் சொல்லில் விட்டாரோ அந்தச் சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும். நான்கு வருடமாக அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

“நாளைக்கு எனக்கு ஆபரேஷன். இன்னிக்கே போய்ப் படுக்கணும். கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணும்.” மதியத்திலிருந்து எழுதி எழுதி அழித்ததை வேதமுத்து ஒருவழியாக அனுப்பினான்.

“வேணும் வேணும்னு ரெண்டாவதும் கட்டிக்கிட்டாரு எங்க மேனேஜரு” என்றாள் நப்பின்னை.

“மேனேஜருக்கு மொதல்ல ஆபரேஷன் பண்ணணும் தாயி, வாயில” என்றார் ஷாகுல். தாவீது சிரித்து உருளும் மஞ்சள் முகங்களை வரிசையாகப் போட்டார். “வேதண்ணே, உங்க முறை. சத்தத்தையே காணோம்?” என்று அவரே கேட்டார்.

‘இது விளையாட்டு இல்லை’ என்று வேதமுத்து அடித்தான். அந்த ‘இல்லை’யை யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தது. அழித்தான். “வாயில வந்ததை முழுங்கிட்டேன்” என்று அனுப்பினான்.

“முழுங்கிட்டேன்னு சொல்றது மாத்திரையவா, மாமியாரையா?” என்றார் தாவீது. இன்றைக்கு வேதண்ணன் வரிதான் டாப்பு என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அவன் இரண்டு கைலியையும் பல்துலக்கியையும் பையில் திணித்தான். வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினான். மாற்றுச் சாவியைக் கொடுத்துவைக்க ஆள் இல்லாததால் இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.