சீட்டுக்கு அடியில்

லோரெட்டா ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டதும் புல்வெட்டும் வண்டி மறுபடியும் நின்றுபோனது.

"பிளக் மாத்தியாச்சு, பேட்டரி மாத்தியாச்சு. போன கோடையில நல்லாத்தானே ஓட்டினே?" என்றான் அவள் கணவன் ஹார்லன்.

"நீ ஏறினா மட்டும் ஓடுதே! உன் சொந்தக்காரன் போல," என்று சிரித்தாள்.

ஹார்லன் சீட்டைத் தூக்கிப் பார்த்தான். ஆள் இல்லையென்றால் இன்ஜினை நிறுத்திவிடும் சுவிட்ச் பழுதில்லாமல்தான் இருந்தது. சற்று யோசித்தவன், இருபது பவுண்டு உர மூட்டையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

வண்டி நிற்காமல் ஓடியது.

"பார்த்தியா, சரியாயிடுச்சு!" என்றாள்.

அவன் சாவியைத் திருப்பி அணைத்தான்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு, லோரெட்டா. நீ உட்கார்ந்திருக்கிறதே அதுக்குத் தெரியல. இவ்வளவு இளைச்சிருக்கே. என்கிட்ட என்னத்த மறைக்கிறே?"

அவள் மூட்டையை இறக்காமல் அணைத்துக்கொண்டாள்.

"கோடை முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."