கதவுக்குப் பின்னால்

மறுபடியும் யாரோ அறைக்குள் வந்துபோயிருக்கிறார்கள். காலையில் மூடிவிட்டுப் போன அலமாரி பாதி திறந்து கிடந்தது. ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. அதுதான் ரக்ஷனாவுக்கு இன்னும் உறுத்தியது.

வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து, குவீன்ஸ்டவுனில் இந்த அறையை வாடகைக்கு எடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வீட்டுக்கார சாமுண்டீஸ்வரி ஆன்ட்டியின் சிரிப்பை அவள் முதல் நாளே நம்பவில்லை.

மறுநாள் ஆபீஸிலிருந்து சீக்கிரமே திரும்பினாள். ஆன்ட்டி போனும் கையுமாக அவள் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு லா. ஜன்னல் சாத்த வந்தேன்."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ரக்ஷனா லிஃப்டில் கீழே இறங்கி, கும்பகோணத்திலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, இந்த வீட்டுக்காரம்மா சரியில்ல. நான் இல்லாதப்ப ரூமுக்குள்ள புகுந்து நோண்டுறாங்க. நான் வேற வீடு பார்க்கப் போறேன்."

"சும்மா பழி போடாதடி. அவங்க தங்கமான மனுஷி."

"நீ அவங்ககிட்ட பேசினதே இல்லையே, உனக்கெப்படித் தெரியும்?"

அம்மாவின் குரல் மாறியது.

"அது கிடக்கட்டும். உன் ரூம் கதவுக்குப் பின்னாடி ஒரு ஆம்பளச் சட்டை தொங்குதே, அது யாரோடது?"