இரண்டாவது எதிர்மனுதாரர்

"கூட உக்காந்து சோறு துன்ன மனுசன் மேலயே கேஸ் போட்டுகீதே அந்தம்மா!"

குப்புராஜ் போட்ட சத்தத்தில், தாம்பரத்திலிருந்த அந்த அரசு அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது.

வேதாவும் ஸ்ரீரங்கனும் பதினாறு வருஷமாக அடுத்தடுத்த மேஜை. ஸ்ரீரங்கனுக்கு சூப்பிரண்டெண்டாகப் பதவி உயர்வு வந்தது. அவர் ஸ்வீட் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 'அது எனக்கு வரவேண்டியது' என்று வேதா மனுப் போட்டுவிட்டாள். முதல் எதிர்மனுதாரர் அரசு. இரண்டாவது, ஸ்ரீரங்கன்.

"கோர்ட்ல தீர்ப்பு வர்றதுக்குள்ள ரெண்டு பேருமே ரிட்டயராயிடுவீங்கம்மா" என்றார் குப்புராஜ்.

"கோர்ட் இல்ல சார். கவர்மெண்ட் ஊழியர்களுக்குன்னே தனியா தீர்ப்பாயம் வந்திருக்கே, அங்கதான். வக்கீல்கூட வேண்டாம், நாமே பேசலாம்."

"பேசு, பேசு. இங்க இனிமே உங்கூட எவன் பேசறான் பார்!"

சொன்னபடியே ஒருவரும் பேசவில்லை. ஸ்ரீரங்கனிடம் மட்டும் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து விசாரித்தார்கள். அவர், "விடுங்க" என்பதோடு சரி.

ஐந்தே மாதத்தில் விசாரணை. ஆபீஸ் ஃபைலை எடுத்துக்கொண்டு குப்புராஜ்தான் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துப் போனார். வேதா மூக்கு உடைபடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமே!

தீர்ப்பாயத் தலைவர் மனுவை நிதானமாகப் படித்தார்.

"பிரசவத்துக்கு லீவு போட்ட மூணு மாசத்தை இந்தம்மாவோட சர்வீஸ்லேர்ந்து ஆபீஸ்ல கழிச்சிருக்காங்க. அதனாலதான் இவங்க சீனியாரிட்டி லிஸ்ட்ல ஸ்ரீரங்கனுக்கும் இன்னும் நாலஞ்சு பேருக்கும் கீழே போயிட்டாங்க. கழிச்சது தப்பு. பதவி உயர்வு இவங்களுக்குத்தான். இரண்டாவது எதிர்மனுதாரர் இதுக்கு என்ன சொல்றீங்க?"

ஸ்ரீரங்கன் எழுந்தார். "ஆட்சேபணை இல்லீங்க ஐயா. அந்த மனுவை எழுதினதே நான்தான்."

குப்புராஜ் கையிலிருந்த ஃபைல் நழுவியது.

"என்னது?" என்றார் தலைவர்.

"ஆர்டர் வந்த கொஞ்ச நாள்ல தப்பைக் கண்டுபிடிச்சுட்டேன் ஐயா. எனக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுக்க மேலாபீஸுக்குப் போனேன். 'நீங்க விட்டா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போகும், அந்தம்மாவுக்கு வராது'ன்னாங்க. அதான் இவங்களை என் மேல கேஸ் போடச் சொன்னேன். மாட்டேன்னு அழுதாங்க. ரெண்டு நாள் கெஞ்சி கையெழுத்து வாங்கினேன்."

"இதை ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். 'அரசுக்கு எதிரா மனு எழுதிக் கொடுத்தவர்னு உங்களுக்குத் தொந்தரவு வரும், கெட்ட பேர் எனக்கே இருக்கட்டும்'னு என் வாயை அடைச்சுட்டாங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "எதிர்மனுதாரரே எழுதின மனுவை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். உத்தரவு போட்டாச்சு. வேற ஏதாவது உண்டா?"

"அதுல ஒரு வரி சேர்க்க முடியுங்களா ஐயா?"

"என்ன வரி?"

ஸ்ரீரங்கன் குப்புராஜைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து ஆபீஸ்ல எல்லாரும் இவங்களோட பேசணும்னு."