அடிக் கருவியின் முறை

மலைச்சரிவின் உச்சியிலும் நடுவிலும் அடியிலுமாக, மண் சரிகிறதா என்று கண்காணிக்கும் மூன்று கருவிகள் இருந்தன. மூன்றும் ஒரே நேரத்தில் கத்தியதால் அவற்றின் செய்தியைக் கேட்டு ஊரை எச்சரிக்கும் கோபுரத்துக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. அதனால் முறைவைத்துப் பேசுவதென்று முடிவு செய்துகொண்டன.

ஒரு மழைநாளில் உச்சிக் கருவி பேசிக்கொண்டிருந்தபோது அடிக் கருவி பதறியது.

"அண்ணே, எனக்குக் கீழே மண்ணு நகருது. கொஞ்சம் வழிவிடுங்க!"

"எனக்கப்புறம் நடுவுல இருக்கிறவன். அதுக்கப்புறம்தான் நீ. குறுக்கே பேசினா மறுபடியும் இரைச்சலாயிடும்."

உச்சிக் கருவிக்கு மனம் உறுத்தியது. ஆனாலும் தூறல், ஈரம், காற்று என்று எதையும் விடாமல் சொல்லி முடித்தது. பிறகு நடுக் கருவி பேசியது.

"ரெண்டு பேர் சொன்னதும் தெளிவாக் கேட்டுச்சு," என்று பாராட்டியது கோபுரம். "கீழே இருக்கிறவன் இப்பப் பேசலாம்."

பதில் வரவில்லை. உச்சிக் கருவி குனிந்து பார்த்தது. அடிவாரத்து வீடுகளின் மேல் சேறு இறங்கிக்கொண்டிருந்தது.